மியூசிக்பீ: சொந்தமா பாட்டு சேர்த்து வெச்சிருக்கவங்களுக்கு ஒரு ரிவ்யூ

ஹார்டு டிஸ்க்ல ஆயிரக்கணக்குல தமிழ் சினிமா பாட்டு சேர்த்து வெச்சிருக்கவங்க, எந்த ப்ளேயர்ல ஏத்தலாம்னு என்கிட்ட கேட்டா நான் யோசிக்காம சொல்ற பேரு மியூசிக்பீ. விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். ஸ்டீவன் மேயால்னு ஒருத்தர் 2008ல இருந்து பண்ணிட்டு வர்றார், இலவசம், இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்ல வெச்சே ஓட்டுற போர்ட்டபிள் வெர்ஷனும் உண்டு. ஸ்கின் மாத்தலாம், ஈக்குவலைசர் இருக்கு, அதெல்லாம் எல்லா ப்ளேயர்லயும் இருக்கறதுதான். இதை நான் தூக்கி வெச்சு பேசறதுக்கு காரணம் வேற. நாம பாட்டை எப்படி ஞாபகம் வெச்சிருக்கோமோ அப்படியே அடுக்க விடுது, அது வேற எதுலயும் இவ்வளவு சுளுவா எனக்கு கிடைக்கல.

கொஞ்சம் யோசிச்சு பாருங்க, நம்மாளுங்க யாராவது பாடகர் பேரு, அவரோட ஆல்பம் பேருன்னு பாட்டு தேடுவாங்களா? எண்பதுகள்ல வந்த இளையராஜா, விஸ்வநாதன் ராமமூர்த்தி, வாலி எழுதினது, ஜானகி பாடினது, இல்லன்னா படத்தோட பேரு, இப்படித்தானே மனசுல இருக்கும். ஆனா எம்பி3 ஃபைலுக்குள்ள இருக்கற ஐடி3 டேக், அதாவது பாட்டு பேரு, பாடினவங்க பேரு மாதிரி தகவலை எழுதி வெக்கற எடம், நம்மள நெனச்சு பண்ணது இல்ல. 1996ல வந்த மொத வெர்ஷன்ல ஃபைலோட கடைசி 128 பைட்ல எல்லாத்தையும் அடைச்சு வெச்சாங்க, பாட்டுக்கு 30 எழுத்து, ஆர்ட்டிஸ்ட்டுக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4, அப்புறம் ஒரு கமென்ட், ஒரு ஜானர் (என்ன வகை பாட்டுங்கறது), முடிஞ்சு போச்சு. இசையமைப்பாளருக்கு எடமே இல்ல, பாட்டு எழுதினவருக்கும் இல்ல. அதுக்கப்புறம் வந்த ஐடி3வி2ல கம்போஸருக்கும் லிரிசிஸ்ட்டுக்கும் தனித்தனி ஃபீல்டு குடுத்துட்டாங்க, ஆனா நெறைய ப்ளேயர் அந்த ஃபீல்டை திரையில காட்டறதே கிடையாது, காட்டாததை யாரு நிரப்புவா, அதனால நம்ம பக்கம் எல்லாரும் ஆர்ட்டிஸ்ட்ங்கற எடத்துல இசையமைப்பாளர் பேரையே போட்டு போட்டு பழகிட்டாங்க.

இதுல என்ன ஆகும்னா, இளையராஜா இசையமைச்ச பாட்டும் இளையராஜா சொந்தக் குரல்ல பாடின பாட்டும் ஒண்ணா கலந்துடும். அவர் பாடினதை மட்டும் தனியா கேக்கணும்னு தோணுச்சுன்னா வழியே இருக்காது. ரஹ்மானுக்கும் இதே கதைதான். பாடினவங்க பேரு ஃபைல்ல எங்கயுமே இல்லாம போயிடுது, அது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், ஏன்னா எல்.ஆர்.ஈஸ்வரி, ஜிக்கி, பி.பி.ஸ்ரீனிவாஸ் மாதிரி குரல்களைத் தேடிப் போய் கேக்கறவங்க நாம.

மியூசிக்பீல இதை எப்படி சரி பண்றதுன்னு சொல்றேன், இதான் இந்த ரிவ்யூல முக்கியமான எடம், மத்ததை வேகமா தள்ளிட்டு போனாலும் இதை நிதானமா படிங்க.

ஆல்பம்னா படத்தோட பேரு. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்னா இசையமைப்பாளர். ஆர்ட்டிஸ்ட்னா பாடினவங்க, அதுல டூயட்டா இருந்தா நடுவுல செமிகோலன் போட்டு ரெண்டு பேரையும் எழுதணும், அப்பதான் மியூசிக்பீ அவங்களை ரெண்டு தனி ஆளா எடுத்துக்கும், டி.எம்.எஸ். பேர்ல தேடினாலும் அந்தப் பாட்டு வரும், சுசீலா பேர்ல தேடினாலும் வரும். கமா போட்டாலோ ஆம்பர்சண்ட் (&) போட்டாலோ ரெண்டு பேரையும் சேத்து மூணாவதா ஒரு புது ஆளு மாதிரி ஆயிடும். கம்போஸர் ஃபீல்டுலயும் இசையமைப்பாளர் பேரை மறுபடி போடுங்க, ஒரே பேரை ரெண்டு எடத்துல எதுக்குன்னு கேப்பீங்க, விஸ்வநாதன் ராமமூர்த்திய வெச்சே சொல்றேன். அவங்க ரெண்டு பேரும் 1965ல பிரிஞ்சாங்க, அதுக்கு முன்னாடி வந்தது கூட்டா போட்டது, அப்புறம் வந்தது தனித்தனி. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்ல 'விஸ்வநாதன் ராமமூர்த்தி'ன்னு ஒரே பேரா வெச்சீங்கன்னா அந்தக் காலத்து படங்க எல்லாம் ஒரே எடத்துல நிக்கும். கம்போஸர்ல செமிகோலன் போட்டு ரெண்டு பேரா பிரிச்சு வெச்சீங்கன்னா எம்.எஸ்.வி.ன்னு தேடறப்ப கூட்டா போட்டது, தனியா போட்டது எல்லாம் சேந்து வரும், ராமமூர்த்தி தனியா போட்ட படங்களும் அவர் பேர்ல வந்து சேரும். சங்கர் கணேஷுக்கும் இப்படியே பண்ணிக்கலாம்.

ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டை காலியா விட்டீங்கன்னா என்ன ஆகும்னு பல பேருக்கு அனுபவம் இருக்கும். ஒரு படத்துல ஆறு பாட்டு, ஆறையும் வேற வேற ஆளு பாடியிருப்பாங்க, ப்ளேயர் அதை ஆறு தனி ஆல்பமா ஒடைச்சு போட்டுடும், ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு பாட்டு. போன்ல பாட்டு ஏத்தினவங்க எல்லாரும் இந்தக் கொடுமைய பாத்திருப்பீங்க. அந்த ஒரு ஃபீல்டை நிரப்பினாலே பாதி குப்பை ஒழிஞ்சிடும்.

அடுத்தது ஒரே பேர்ல வந்த படங்க. பில்லா 1980ல வந்தப்ப எம்.எஸ்.வி., 2007ல வந்தப்ப யுவன். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் சரியா இருந்தா ரெண்டும் ஒட்டாது, இருந்தாலும் நான் ஆல்பம் பேர்லயே வருஷத்தையும் சேத்து எழுதிடுவேன், ஏன்னா அந்த ஃபீல்டை மதிக்காத ஓட்டை ப்ளேயர்ல போய் ஓட்டினாலும் கலக்காம இருக்கணும். வருஷம்னு சொன்னதும் ஞாபகம் வருது, படம் வந்த வருஷத்தை போடுங்க, சிடி மறுபடி அச்சடிச்ச வருஷத்தை போடாதீங்க. நெட்ல இருந்து தானா வர்ற தகவல்ல அறுபதுகள்ல வந்த படத்துக்கு 2000த்துக்கு மேல ஒரு வருஷம் போட்டிருக்கும், அதை அப்படியே விட்டா பத்து பத்து வருஷமா பிரிச்சு கேக்கற சுகமே போயிடும்.

பாடலாசிரியர் விஷயத்துலதான் நான் இந்த சாஃப்ட்வேருக்கு ரசிகனானேன். லிரிசிஸ்ட்னு தனி ஃபீல்டே இதுல இருக்கு, அதை ஒரு தனி நெடுவரிசையா திரையில கொண்டு வந்து வெச்சுக்கலாம், அதை வெச்சு ஆட்டோ ப்ளேலிஸ்ட் போடலாம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959ல 29 வயசுல போயிட்டார், அந்த கொஞ்ச காலத்துல அவர் எழுதினது ஏகப்பட்ட இசையமைப்பாளர்கிட்ட ஏகப்பட்ட படத்துல சிதறிக் கெடக்கு. லிரிசிஸ்ட்ல அவர் பேரு இருக்கற பாட்டெல்லாம் வா, வருஷப்படி வரிசையா நில்லுன்னு ஒரு ரூல் எழுதி வெச்சா போதும், நாளைக்கு புதுசா ஒரு பாட்டு கிடைச்சு லைப்ரரில சேத்தாலும் அது தானா அந்த லிஸ்ட்ல போய் உக்காந்துக்கும். கண்ணதாசன், வாலி, வைரமுத்து, நா.முத்துக்குமார்னு ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு போட்டு வெச்சு கேட்டுப் பாருங்க, ஒரு கவிஞர் எந்த மெட்டுக்கு எப்படி எழுதறார்னு அப்பதான் புரியும். இந்த ஃபீல்டை நிரப்பறது கைவேலைதான், நெட்ல இருந்து தானா வராது, ஆனா செஞ்சு வெச்சா அதுக்கு ஈடு இல்ல.

இதுக்கு மேல நம்ம இஷ்டத்துக்கு பேரு வெச்சுக்கற கஸ்டம் டேக் 16 இருக்கு. ராகம்னு ஒண்ணு வெச்சுக்கலாம், திரையில வர்ற நடிகர்னு ஒண்ணு வெச்சுக்கலாம். கர்நாடக சங்கீதம் சேர்க்கறவங்களுக்கு இது வரப்பிரசாதம், கம்போஸர்ல தியாகராஜர், ஆர்ட்டிஸ்ட்ல பாடின வித்வான், கஸ்டம்ல ராகமும் தாளமும்னு வெச்சா கல்யாணி மட்டும் எடுத்து ராத்திரி பூரா ஓட்டலாம்.

இப்ப டேக்கை தமிழ்ல எழுதறதா இங்கிலீஷ்ல எழுதறதாங்கற கேள்வி. எனக்கு சந்தேகமே இல்ல, தமிழ்ல எழுதுங்க. இங்கிலீஷ்ல இளையராஜாவை ஒய் போட்டு எழுதறவங்க, ஒய் இல்லாம எழுதறவங்க, ரெண்டு எல் போடறவங்க, ரெண்டு ஏ போடறவங்கன்னு அத்தனை விதம் இருக்கு, எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு கேக்கவே வேணாம். நாலு எடத்துல இருந்து வந்த கலெக்‌ஷன்னா ஒரே ஆளு பத்து ஆளா பிரிஞ்சு நிப்பார். தமிழ்லயும் சுசீலா சுசிலா தகராறு, புள்ளி வெச்ச இனிஷியல் புள்ளி வெக்காத இனிஷியல் தகராறு எல்லாம் உண்டு, ஆனா அளவுக்குள்ள இருக்கும். மியூசிக்பீல மேல காலம் ப்ரவுசர் (Column Browser)னு ஒண்ணு திறந்து வெச்சுக்கிட்டா பேருங்க எல்லாம் வரிசையா தெரியும், கன்ட்ரோல் அழுத்திக்கிட்டு ஒரே ஆளோட எல்லா ஸ்பெல்லிங்கையும் செலக்ட் பண்ணி ஒரே எடிட்ல சரியான பேரை போட்டுடலாம். பல நூறு பாட்டு ஒரு நிமிஷத்துல ஒழுங்காகும், அதை பாக்கறப்ப வர்ற திருப்தி இருக்கே, அனுபவிச்சாதான் தெரியும்.

தமிழ்ல எழுதறதுக்கு ஒரே ஒரு தடங்கல் கார் ஸ்டீரியோ. நெறைய கார்ல தமிழ் எழுத்து கட்டம் கட்டமா தெரியும். அதுக்கு என் வழி, டேக்ல தமிழ், ஃபைல் பேர்லயும் ஃபோல்டர் பேர்லயும் இங்கிலீஷ். கார்ல ஃபோல்டர் வழியா போயிக்கலாம். மியூசிக்பீல சார்ட் (Sort) ஃபீல்டுன்னு தனியா இருக்கு, திரையில ஒரு பேரு காட்டி வரிசைப்படுத்தறதுக்கு வேற பேரு வெச்சுக்கலாம், அதுல இங்கிலீஷ் பேரை போட்டு வெச்சீங்கன்னா அதையே ஃபைல் பேருக்கும் எடுத்துக்க முடியும்.

ஒருவேளை உங்ககிட்ட ரொம்ப பழைய ஃபைல் இருந்து, அதுல தமிழ் டேக் எல்லாம் புரியாத கிறுக்கலா தெரிஞ்சா, அழிச்சிடாதீங்க. யூனிகோடு பரவறதுக்கு முன்னாடி திஸ்கியிலயோ பாமினி மாதிரி எழுத்துருலயோ அடிச்சிருப்பாங்க. அதை கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடுக்கு மாத்தலாம், உள்ள பாடகர் பேரு பாடலாசிரியர் பேரு எல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் ஒக்காந்து அடிச்சு வெச்சிருப்பார். குறிப்பா இலங்கைத் தமிழர்கள் சேர்த்த கலெக்‌ஷன்ல பாமினி நெறைய வரும்.

சரி, இம்போர்ட். மொத தடவை திறக்கறப்பவே ஐடியூன்ஸ்ல இருந்து எடுத்துக்கவா, விண்டோஸ் மீடியா ப்ளேயர்ல இருந்து எடுத்துக்கவா, இல்ல ஃபோல்டரை தேடவான்னு கேக்கும். ஐடியூன்ஸ்ல பல வருஷமா கேட்டுட்டு இருந்தவங்க அந்த வழியாவே வாங்க, ப்ளேலிஸ்ட், ரேட்டிங், எத்தனை தடவை கேட்டோம்ங்கற கணக்கு எல்லாம் கூடவே வரும், அதை எல்லாம் திருப்பி உருவாக்கவே முடியாது.

ஃபோல்டர் வழியா வர்றவங்களுக்கு என் சிபாரிசு இன்பாக்ஸ். இது மியூசிக்பீயோட தனிச் சிறப்பு. ப்ரிஃபரன்ஸஸ்ல லைப்ரரி பக்கத்துல எந்தெந்த ஃபோல்டரை கண்காணிக்கணும்னு சொல்லிட்டு, புதுசா வர்றது லைப்ரரிக்கு போகணுமா இன்பாக்ஸுக்கு போகணுமான்னு கேக்கற எடத்துல இன்பாக்ஸைத் தேர்ந்தெடுங்க. கல்யாண வீட்டுல சீர்வரிசை எல்லாம் மொதல்ல திண்ணையில எறக்கி சரி பாத்துட்டு உள்ள எடுத்துட்டு போவாங்க பாருங்க, அது மாதிரி பாட்டு எல்லாம் இன்பாக்ஸ்ல நிக்கும், கேக்கலாம், டேக் எடிட் பண்ணலாம், ஆனா மெயின் லைப்ரரில கலக்காது. ஒரு படத்தை முழுசா ஒழுங்கு பண்ணினப்புறம் ரைட் க்ளிக் பண்ணி லைப்ரரிக்கு அனுப்பிடலாம். மொத்த கலெக்‌ஷனையும் ஒரே நாள்ல முடிக்கணும்னு ஒக்காந்தா யாரா இருந்தாலும் சலிச்சுப் போய் விட்டுடுவாங்க. ஒரு நேரத்துக்கு ஒரு இசையமைப்பாளர்னு எடுத்துக்கோங்க, வேலையும் நடக்கும், அந்தப் பாட்டையெல்லாம் கேட்ட மாதிரியும் ஆச்சு.

டேக் ரொம்ப மோசமா இருக்கற ஃபைலுக்கு மியூசிக்பீ மட்டும் போதாது, கூட ரெண்டு டூல் வேணும். ஒண்ணு எம்பி3டேக், ஃப்ளோரியன் ஹைடன்ரைக்ங்கற ஜெர்மன்காரர் பண்ணது, விண்டோஸ்ல இலவசம். டவுன்லோடு சைட்டுங்க பாட்டு பேரு, ஆல்பம், ஜானர், கமென்ட், ஏன் அட்டைப்படத்துல கூட அவங்க வெப்சைட் பேரை அடிச்சு வெச்சிருக்கும் பாருங்க, அந்த அசிங்கத்தை கழுவறதுக்கு இதை விட்டா ஆள் இல்ல. ஆக்‌ஷன்னு ஒண்ணு உருவாக்கி, டாட் காம்ல முடியற வார்த்தை எங்க இருந்தாலும் தூக்குன்னு ரெகுலர் எக்ஸ்ப்ரெஷன்ல (எழுத்து எந்த மாதிரி இருந்தா பிடிக்கணும்னு சொல்ற சூத்திரம்) ஒரு வரி எழுதி வெச்சுட்டா எத்தனை ஆயிரம் ஃபைலா இருந்தாலும் ஒரே அடியில சுத்தமாயிடும். டேக்கே இல்லாம ஃபைல் பேர்ல மட்டும் தகவல் இருந்தா, ஃபைல் பேர்ல இருந்து டேக்குக்கு மாத்தற வசதியும் உண்டு, ட்ராக் நம்பர், அப்புறம் பாட்டு, அப்புறம் பாடகர்னு எந்த வரிசையில இருக்குன்னு ஒரு பேட்டர்ன் குடுத்தா பிரிச்சு போட்டுடும். ஒரு செட்டிங் மட்டும் மறக்காதீங்க, ஐடி3வி2.3, யூடிஎஃப்16 (யூனிகோடு எழுத்தை சேமிக்கற ஒரு முறை)னு வெச்சுக்கோங்க. 2.4 புதுசுதான், ஆனா பழைய கார் ஸ்டீரியோ, பழைய விண்டோஸ் எல்லாம் 2.4ஐ படிக்காது. ஐடி3வி1ஐ எழுதவே வேணாம்னு சொல்லிடுங்க, அதுல தமிழ் நிக்காது.

இன்னொண்ணு மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட். பாட்டோட ஒலியையே அலசி கைரேகை மாதிரி ஒண்ணு எடுத்து, அக்கூஸ்டிஐடி டேட்டாபேஸ்ல ஒப்பிட்டு, இது இந்தப் பாட்டுதான்னு கண்டுபிடிக்கும். ஃபைல் பேரு ட்ராக் 01னு இருந்தாலும் கண்டுபிடிக்கும், அந்த டெக்னாலஜி அருமை. ஆனா புரிஞ்சுக்க வேண்டியது, மியூசிக்பிரெயின்ஸ்ங்கறது விக்கிபீடியா மாதிரி ஆளாளுக்கு சேர்த்த தகவல், லாபநோக்கம் இல்லாத மெட்டாபிரெயின்ஸ் ஃபவுண்டேஷன் நடத்துது. நம்மாளுங்க எதை சேத்தாங்களோ அதுதான் அங்க இருக்கும். புது படங்களுக்கு பரவால்ல, ஐம்பது அறுபதுகள்ல வந்ததுக்கு பெரும்பாலும் கைவேலைதான். அதனால அது காட்டற ரிசல்ட்டை கண்ண மூடிட்டு சேவ் பண்ணாதீங்க, ஒரு ஹிட் பாட்டை ஏதோ கலவை ஆல்பத்துல கண்டுபிடிச்சு படத்து பேரையே மாத்திடும். கையில ஒரிஜினல் சிடியோ எல்.பி.யோ இருக்கறவங்க ஒரு அக்கவுன்ட் திறந்து நம்ம படங்களை அங்க ஏத்துங்கன்னு கேட்டுக்கறேன். அட்டையில இருக்கற பாடகர் பேரு, கவிஞர் பேரு எல்லாம் அப்படியே பதிஞ்சு வெச்சா உலகத்துல எங்க இருக்கற தமிழனுக்கும் அடுத்த தடவை தானா வரும். யாராவது செய்யணும், அட்டை கையில இருக்கறவங்கதான் செய்ய முடியும்.

டேக் ஒழுங்கானப்புறம் ஃபைலை அடுக்கற வேலை மியூசிக்பீயோட ஆர்கனைஸ் ஃபைல்ஸ் பாத்துக்கும். இசையமைப்பாளர் ஃபோல்டர், அதுக்குள்ள வருஷமும் படமும், அதுக்குள்ள ட்ராக் நம்பரும் பாட்டும்னு ஒரு டெம்ப்ளேட் குடுத்துடுங்க, எந்த ஃபைல் எங்க போகும்னு முன்னாடியே காட்டும், பாத்துட்டு ஓகே குடுங்க. டேக் தப்பா இருக்கறப்ப இதை ஓட்டினா எல்லாம் தப்பான ஃபோல்டருக்கு போய் சேரும், அதனால ஆட்டோ ஆர்கனைஸை மொதல்லயே ஆன் பண்ணாதீங்க. விண்டோஸ்ல ஒரு ஃபைலோட முழுப் பாதை 260 எழுத்துக்கு மேல போனா பல சாஃப்ட்வேர் தடுமாறும், ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர்னு ஆழமா போகாம மூணு படியோட நிறுத்திக்கறது நல்லது, பாடகர் பேரை எல்லாம் ஃபைல் பேர்ல திணிக்க வேணாம்.

சிடி வெச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. மியூசிக்பீயே ரிப் பண்ணும், அதாவது சிடில இருக்கற பாட்டை கம்ப்யூட்டர் ஃபைலா எடுக்கும், அக்யூரேட்ரிப் வழியா அதே சிடிய மத்தவங்க ரிப் பண்ணதோட ஒப்பிட்டு பிழை இல்லாம வந்திருக்கான்னும் பாக்கும். கண்டிப்பா ஒலி கொஞ்சமும் குறையாத ஃப்ளாக் (FLAC) ஃபைலா எடுங்க, எம்பி3 வேணும்னா அதுல இருந்து எப்ப வேணா பண்ணிக்கலாம், திருப்பி முடியாது. தமிழ் சிடில ஒரு வழக்கம் இருந்துச்சு, ஒரே சிடில ரெண்டு படம் மூணு படம் சேத்து போடுவாங்க. ரிப் பண்ணினா ஒரே ஆல்பமா வரும், படத்துக்கு படம் ஆல்பம் பேரை பிரிச்சு ட்ராக் நம்பரையும் ஒண்ணுல இருந்து மறுபடி ஆரம்பிச்சுடுங்க, அதுக்கு ஆட்டோ நம்பரிங் டூல் இருக்கு. எந்த சிடில இருந்து எடுத்ததுன்னு கமென்ட்ல எழுதி வெச்சா பின்னாடி உதவும், ஒரே பாட்டுக்கு ஒரு கம்பெனி சிடில ஒலி தெளிவாவும் இன்னொண்ணுல எதிரொலி சேத்து கெடுத்தும் இருக்கறது நம்ம பழைய பாட்டுல சகஜம்.

320 கேபிபிஎஸ்னு (ஒரு செகண்டு ஒலிக்கு எவ்வளவு டேட்டாங்கற பிட்ரேட் கணக்கு) பேரு போட்டு வர்றதெல்லாம் 320 இல்லங்கறதும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. 128ல இருந்ததை எடுத்து 320க்கு ஊதி வெச்சிருப்பாங்க, சைஸ்தான் பெருசாகும், போன ஒலி திரும்பாது. ஸ்பெக்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர்ல ஃபைலை போட்டா, எவ்வளவு உயர்ந்த அதிர்வெண் வரைக்கும் ஒலி இருக்குன்னு ஒரு வரைபடம் காட்டும், 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல கத்தியால வெட்டின மாதிரி நின்னுச்சுன்னா அது பெரும்பாலும் 128தான், நெஜமான 320னா 20 வரைக்கும் போகும். ஆனா அறுபதுகள்ல பதிவான பாட்டுல மேல்பக்கம் அதிகமா ஒண்ணும் இருக்காது, அதுக்கு இந்தக் கணக்கை வெச்சு தீர்ப்பு சொல்லாதீங்க. மியூசிக்பீல டூப்ளிகேட் பாட்டைத் தேடுற வசதி இருக்கு, அதுல பிட்ரேட்டை மட்டும் பாத்து பெருசை வெச்சுட்டு சின்னதை அழிக்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் காதால கேட்டுடுங்க.

பழைய எல்.பி.ல இருந்து எடுத்த பாட்டு மெதுவா கேக்கும், அடுத்து இந்தக் காலத்து பாட்டு வந்து காதைக் கிழிக்கும், வால்யூமை ஏத்தி எறக்கிட்டே இருக்கணும். அதுக்கு ரீப்ளேகெயின். டூல்ஸ்ல வால்யூம் அனலைஸ் ஓட்டினா ஒவ்வொரு பாட்டோட சத்தத்தையும் அளந்து டேக்ல ஒரு நம்பர் எழுதி வெக்கும், ஒலியில கை வெக்காது, ஓட்டறப்ப மட்டும் சமன் பண்ணும். லைப்ரரி முழுக்க ராத்திரி ஓட விட்டுட்டு தூங்கப் போங்க.

பென்டிரைவ்க்கும் போனுக்கும் அனுப்பறது நல்லாவே வேலை செய்யுது. ப்ளேலிஸ்ட்டை தேர்ந்தெடுத்து சிங்க் குடுத்தா ஃப்ளாக்ல இருக்கறதை எம்பி3யா மாத்தியே அனுப்பும், லைப்ரரில ஃப்ளாக் ஃப்ளாக்காவே இருக்கும். ஃப்ளாக் படிக்காத கார் ஸ்டீரியோவுக்கு இது ரொம்ப சௌகரியம்.

குறைகளும் சொல்லணும். ப்ரிஃபரன்ஸஸ் ஒரு காடு, டேக்ஸ் ஒண்ணு, டேக்ஸ் ரெண்டுன்னு பக்கம் பக்கமா போகும், ஒரு சின்ன செட்டிங் எங்க இருக்குன்னு தேடறதுக்குள்ள பொறுமை போயிடும், புதுசா வர்றவங்களுக்கு வழிகாட்டற மாதிரி இல்ல. அட்டைப்படத்தையும் டேக்கையும் நெட்ல இருந்து தானா எடுக்கற வசதிய தமிழ் படங்களுக்கு நம்ப வேணாம், அணைச்சு வெச்சுட்டு கையால பண்ணுங்க. மேக்கும் கிடையாது லினக்ஸும் கிடையாது, போனுக்கு பாட்டை அனுப்பலாமே தவிர அங்க ஓட்டறதுக்கு வேற ப்ளேயர்தான் வேணும். ஓபன் சோர்ஸும் இல்ல, ஒருத்தர் பண்றது, அவர் நிறுத்திட்டா அவ்வளவுதான். அதனாலதான் நான் இவ்வளவு தூரம் டேக் டேக்னு அடிச்சுக்கறேன், ஃபைலுக்குள்ள எழுதினது எந்த சாஃப்ட்வேர் போனாலும் போகாது, நாளைக்கு வேற ப்ளேயர்ல எறக்கினா அப்படியே வந்து நிக்கும்.

வேற என்ன இருக்குன்னா ஃபூபார்2000, 2002ல இருந்து இருக்கு, இதை விட லேசு, பழைய கம்ப்யூட்டர்லயும் பறக்கும், ஆனா நமக்கு வேணுங்கற மாதிரி திரைய அமைக்க கொஞ்சம் ஸ்க்ரிப்ட் மாதிரி எழுதணும், அதுல ஆசை இருக்கறவங்க தாராளமா போங்க. லினக்ஸ்ல ஸ்ட்ராபெரி இருக்கு, லைப்ரரி வெச்சு வேலை செய்யறவங்களுக்கு ஏத்தது. ஐடியூன்ஸ் ஃப்ளாக்கையே ஓட்டாது, அதனால சிடி ரிப் பண்றவங்களுக்கு சரிப்படாது. எல்லாத்தையும் ஸ்ட்ரீமிங் ஆப்லயே கேக்கறவங்களுக்கு இது எதுவும் தேவையே இல்ல, ஆனா லைசன்ஸ் முடிஞ்சு ஒரு நாள் திடீர்னு பாட்டு காணாம போறதும், பேரு மாறி பாடகர் மாறி கெடக்கறதும் அங்க இருக்கத்தான் செய்யுது, சொந்தமா சேர்த்து வெக்கறவங்க அதுக்குத்தான் சேர்த்து வெக்கறாங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. டேக்ல கை வெக்கறதுக்கு முன்னாடி மொத்த பாட்டையும் இன்னொரு ஹார்டு டிஸ்க்ல அப்படியே காப்பி எடுத்து தனியா வெச்சுடுங்க, அதுல எதையும் மாத்தாதீங்க. எல்லாம் ஒழுங்கானப்புறம் ரெண்டாவது காப்பி எடுக்கறப்ப பாட்டு ஃபோல்டரோட மியூசிக்பீ லைப்ரரி ஃபைலையும் சேத்து எடுங்க, எது எத்தனை தடவை கேட்டீங்கங்கற கணக்கு பாட்டு ஃபைல்ல இல்ல, அந்த ஃபைல்லதான் இருக்கு. டிஸ்க் மாறி டிரைவ் எழுத்து மாறினா பதறாதீங்க, லொகேட் மிஸ்ஸிங் ஃபைல்ஸ்ல புது எடத்தை காட்டினா கண்டுபிடிச்சு பழைய கணக்கோட சேத்து வெச்சுடும்.